தலையாட்டுவது என் வேலை, கொதிப்பது வேனின் வேலை

என் பெயர் ஆமாஞ்சாமி. அம்பாசமுத்திரத்துக் கடைசல் பட்டறையில் பிறந்த மரப்பொம்மை நான். உயரம் நான்கு அங்குலம். சிவப்பு உடம்பு, மஞ்சள் தலைப்பாகை, கறுப்பு மீசை. கழுத்து இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கம்பிச் சுருள் இருக்கிறது. வண்டி அசைந்தால் தலை மேலும் கீழுமாக ஆடும். யார் எதைக் கேட்டாலும் ஆமாம் போடுகிறேன் என்று இந்தப் பெயரை வைத்துவிட்டார்கள். வயிற்றெரிச்சல்தான், ஆனால் மறுத்துத் தலையசைக்க என் சுருளுக்குத் தெரியாது.

பாளையங்கோட்டையில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் அண்ணாச்சியின் பழைய ஆம்னி வேனில், மீட்டருக்கு இடப்பக்கம், எம்சீல் உருட்டி வைத்து என்னை ஒட்டியிருக்கிறார்கள். முகம் வண்டிக்கு உள்பக்கம் பார்த்தபடி. அதனால் எனக்கு எந்த ஊரும் வருவதில்லை, எல்லா ஊரும் போகிறது. பின்கண்ணாடி வழியாகச் சிறுத்துச் சிறுத்து மறைகிற ஊர்களை மட்டுமே பார்த்திருக்கிறேன். இன்னொரு வசதியும் உண்டு. அண்ணாச்சியின் மூக்குக்கண்ணாடியில் மீட்டர் பலகை முழுவதும் இடம் வலம் மாறித் தெரியும். வெப்பமானி முள் எங்கே நிற்கிறது என்று அவருக்கு முன்னால் எனக்குத் தெரிந்துவிடும், ஏனென்றால் அவர் அதைப் பார்ப்பதே இல்லை.

'வேன் செலவு' என்று அட்டையில் எழுதிய ஒரு நோட்டு அண்ணாச்சியிடம் இருக்கிறது. அதில் தொகை இருக்கும், தேதி இருக்கும், நடந்தது இருக்காது. அந்தக் குறைக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

வண்டியைப் பற்றி முதலில். 1984-ல் மாருதி வேன் என்ற பெயரில் பிறந்து, பிறகு ஆம்னி ஆகி, 2019-ல் உற்பத்தி நின்றுபோன குலம். 796 சிசி, மூன்று சிலிண்டர். எங்களுடையது கார்புரேட்டர் வைத்த பழைய வண்டி. இந்தக் குலத்துக்கு எஞ்சின் முன் இருக்கைகளுக்கு அடியில் இருக்கிறது. ரேடியேட்டரும் அதன் விசிறியும் மட்டும் முன் முகப்பில். பானட்டைத் தூக்கிக் கையை இடுப்பில் வைத்துப் பார்க்கும் கம்பீரமெல்லாம் இங்கே கிடையாது. எஞ்சினைப் பார்க்க வேண்டுமென்றால் இருக்கையைத் தூக்க வேண்டும், இருக்கையைத் தூக்க வேண்டுமென்றால் ஆச்சியை எழுப்ப வேண்டும்.

ஆச்சி என்பது அண்ணாச்சியின் அம்மா. முன்பக்க இடது இருக்கை அவருடையது. அதன்மேல் ஒரு பத்தமடைப் பாயை நான்காக மடித்துப் போட்டிருப்பார். பட்டுத்துணி போல மடியும் உயர்ந்த ரகம் இல்லை, கோரை தடித்த வீட்டு ரகம். ஆச்சிக்கு இரண்டு முழங்காலிலும் வலி. அடியில் எஞ்சின் சூடேறச் சூடேற அவருக்கு அது ஒத்தடம். "இன்றைக்கு வண்டி இதமாக இருக்கிறது" என்று ஆச்சி சொன்னால் வண்டி கொதிக்கப்போகிறது என்று பொருள். கம்பெனி வைத்த வெப்பமானியைவிட ஆச்சி நம்பகமானவர். இந்த உண்மை அந்த வீட்டில் ஏழு மாதமாக யாருக்கும் உறைக்கவில்லை.

ஆம், ஏழு மாதம். கார்த்திகையில் ஒரு நாள் வண்ணாரப்பேட்டை நெரிசலில் முதல்முறை ஆவி வந்தது. அதன்பிறகு நடந்த வைத்தியங்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன், அவற்றில் ருசி இல்லை. முதல் மெக்கானிக் ரேடியேட்டர் மூடியை மாற்றினார். மூடி அழுத்தத்தைப் பிடித்து வைத்தால்தான் உள்ளே இருக்கும் தண்ணீர் நூறு டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கும், ரப்பர் தேய்ந்தால் அது நடக்காது. அவர் சொன்னது சரிதான், ஆனால் எங்கள் மூடி தேய்ந்திருக்கவில்லை. இரண்டாமவர் ரேடியேட்டரைக் கழற்றிக் கழுவினார். ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீரையே ஊற்றி ஓட்டியதால் உள்ளே காரை படிந்திருந்தது, அதுவும் பொய் இல்லை. மூன்றாமவர், எஞ்சின் சூடேறும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்குப் போகவிடாமல் தடுக்கும் தெர்மோஸ்டாட் வால்வைப் பிடுங்கி எறிந்துவிட்டு, "நம் ஊர் வெயிலுக்கு இது எதற்கு?" என்றார். வால்வு போனதும் எஞ்சின் ஓட்டத்தில் சூடேறாமலே ஓடிப் பெட்ரோலைக் குடிக்க ஆரம்பித்தது, நின்றால் மட்டும் பழையபடி கொதித்தது. நான்காமவர் தண்ணீர் பம்பை மாற்றினார்.

இவர்கள் ஒவ்வொருவரும் தம் முடிவைச் சொன்னபோது எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. மூன்று சிலிண்டர் எஞ்சின் நின்ற இடத்தில் ஓடும்போது வண்டியே குளிர்காய்ச்சல் வந்ததுபோல நடுங்கும். "மூடிதான் காரணம்" என்றார் ஒருவர். நான் தலையாட்டினேன். "பம்புதான்" என்றார் இன்னொருவர். அதற்கும் தலையாட்டினேன். அண்ணாச்சி என்னைக் காட்டி, "ஆமாஞ்சாமியே சொல்லிவிட்டான்" என்று பணத்தை எடுத்துக் கொடுத்தார். அந்த நோட்டில் இருக்கும் தொகையில் பாதிக்கு நான் சாட்சி.

விசிறியை யாரும் பார்க்கவில்லையா என்றால், எல்லோரும் பார்த்தார்கள். பட்டறைக்குப் போகும் தெருவில் பாதாளச் சாக்கடைக்குத் தோண்டி மூடாத பள்ளங்கள் இருந்தன. அதில் குதித்துக் குதித்து உள்ளே போனதும் விசிறி சமர்த்தாகச் சுற்றியது. நான்காமவர் இன்னும் கவனமாக, விசிறிக்கு வரும் ஒயரில் சின்ன பல்பை வைத்துப் பார்த்தார். பல்பு பளிச்சென்று எரிந்தது. "கரண்ட் வருகிறது, விசிறி சுற்றுகிறது, வேறென்ன வேண்டும்?" என்றார். இந்தப் பல்பைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்படியிருக்க ஆடி வந்தது. மேற்கிலிருந்து சாரல் வாசனை வந்துவிட்டால் நெல்லைச் சீமையில் யாரும் வீட்டில் இருக்க மாட்டார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை குற்றாலம் போவது என்று முடிவானது. அண்ணாச்சி, அவர் மனைவி, ஆச்சி. அண்ணாச்சியின் மனைவியைத் தெருவே மதினி என்கிறது, நானும் அப்படியே சொல்கிறேன். டவுனில் கீழ ரதவீதிக்குப் பக்கத்தில் இருக்கும் தங்கை வீட்டிலிருந்து மருமகனையும் ஏற்றிக்கொள்வதாகத் திட்டம். ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன் பிரிவு படித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்த பையன். பேச்சு குறைவு. அந்தக் குடும்பத்தில் அது ஒரு பெரிய உடல்நலக் குறைபாடாகவே கருதப்பட்டது.

காலை ஆறரைக்குப் புறப்பட்டோம். தாமிரபரணிமேல் சுலோசன முதலியார் பாலம். 1843-ல் ஒரு மனிதர் தன் கைப்பணத்தைப் போட்டுக் கட்டிக்கொடுத்த பாலம் அது. ஒவ்வொரு முறை அதில் நெரிசலில் மாட்டும்போதும் அண்ணாச்சி அவரைக் கையெடுத்துக் கும்பிடுவார், அடுத்த நொடியே முன்னால் நிற்கும் ஆட்டோவைத் திட்டுவார். அன்று அதிகாலை ஆனதால் நெரிசல் இல்லை. மருமகனை ஏற்றிக்கொண்டு பேட்டை வழியாகச் சேரன்மகாதேவி போகும்வரை முள் கீழேயே கிடந்தது. வயல்கள் பின்கண்ணாடியில் ஓடின. காருக்குறிச்சி வந்தபோது அந்த ஊர் அருணாசலத்தின் நாதஸ்வரத்தை நினைத்து அண்ணாச்சி வாயாலேயே கொஞ்சம் வாசித்தார். அது எங்கள் நான்கு பேருக்கும் தெரிந்த ராகம் எதிலும் இல்லை.

வீரவநல்லூர் தாண்டி ஒரு ரயில்வே கேட் அடைத்துக் கிடந்தது. அண்ணாச்சி எஞ்சினை அணைக்கவில்லை. அணைத்தால் மறுபடி உயிர் பிடிக்க அடம்பிடிக்கும் என்று பயம். வண்டி நடுங்க ஆரம்பித்தது, நான் தலையாட்ட ஆரம்பித்தேன். மூக்குக்கண்ணாடியில் முள் மெல்ல எழுந்தது.

"அப்பாடா, இன்றைக்குத்தான் காலுக்கு இதமாக இருக்கிறது" என்றார் ஆச்சி.

செங்கோட்டை ரயில் வர இன்னும் நேரம் இருந்தது. எனக்குத் தெரிந்துவிட்டது, ஆனால் நான் ஆமாம் என்பதைத் தவிர வேறென்ன சொல்ல முடியும்? ஆச்சி கண்ணை மூடி அனுபவித்துக்கொண்டிருந்தபோதே முன் முகப்பிலிருந்து வெள்ளையாக ஆவி கிளம்பியது. பக்கத்தில் நின்ற பால்காரர் ஒருவர், "அண்ணாச்சி, இட்லி வெந்துவிட்டது" என்றார்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். அண்ணாச்சி பதற்றத்தில் துணியைச் சுற்றிக்கொண்டு ரேடியேட்டர் மூடியைத் திருகப் போனார். மருமகன் அவர் கையைப் பிடித்துக்கொண்டான். கொதிக்கும்போது மூடியைத் திறந்தால் உள்ளே அழுத்தத்தில் அடங்கிக் கிடக்கும் தண்ணீர் அப்படியே முகத்தில் பாயும். எஞ்சினை அணைத்து, மூடியைத் தொடாமல், குறைந்தது அரை மணி நேரமாவது காத்திருந்து, மேல்குழாயைத் தொட்டால் கை பொறுக்கும் என்ற நிலை வந்தபிறகு, முதல் சுற்று மட்டும் திருகி ஆவியை விட்டு, அதன்பிறகுதான் முழுக்கத் திறக்க வேண்டும். பச்சைத் தண்ணீரைச் சூடான எஞ்சினில் மொத்தமாகக் கொட்டவும் கூடாது, இரும்பும் அலுமினியமும் சட்டென்று சுருங்கினால் விரிசல் விடும். மருமகன் அன்று அதிகம் பேசியது இந்த இரண்டையும்தான்.

ரயில் போனது, கேட் திறந்தது, எல்லோரும் எங்களைத் திட்டிக்கொண்டே சுற்றிப் போனார்கள். நாற்பது நிமிடம் கழித்துத் தண்ணீர் ஊற்றிப் புறப்பட்டோம். இருநூறு அடிகூடப் போயிருக்க மாட்டோம், ஓர் ஆட்டுக்குட்டி குறுக்கே வந்தது. அண்ணாச்சி பிரேக்கை மிதித்தார். ஆட்டுக்குட்டி பிழைத்தது. என் கம்பிச் சுருள் பிழைக்கவில்லை.

உடம்பு எம்சீலில் ஒட்டியபடி நிற்க, தலை மட்டும் பறந்துபோய் ஆச்சியின் சுருக்குப் பைக்குள் விழுந்தது. தலை எங்கே இருக்கிறதோ அங்கேதான் நான் இருக்கிறேன் என்பதை அன்று தெரிந்துகொண்டேன். உள்ளே இருட்டு, வெற்றிலைக் காம்பு, சுண்ணாம்பு டப்பி, நாலைந்து கொட்டைப்பாக்கு. கல்லிடைக்குறிச்சியில் மதினி அப்பளம் வாங்க இறங்கியபோது ஆச்சி பைக்குள் கைவிட்டார். விரல்கள் என்னைத் தடவின, எடுத்தன. அடுத்த கணம் பாக்குவெட்டியின் இரண்டு அலகுக்கும் நடுவில் நான் இருந்தேன். மீசை தட்டுப்பட்டதால் ஆச்சி நிதானித்தார். "ஐயோ, ஆமாஞ்சாமி!" என்று அவர் அலறியதில் அப்பளக் கடைக்காரரே வெளியே வந்துவிட்டார்.

இப்படித் தலை ஒரு பக்கம் உடம்பு ஒரு பக்கமாக நான் பிறந்த ஊருக்கு வந்து சேர்ந்தேன்.

வேன் மறுபடி ஆறட்டும் என்று அம்பாசமுத்திரத்தில் ஒரு வேப்பமரத்து நிழலில் நிறுத்தினார்கள். மதினி என்னை எம்சீலோடு சேர்த்து ஸ்க்ரூ டிரைவரால் நெம்பி எடுத்து, "தலை இல்லாத பொம்மையை முன்னால் வைத்துக்கொண்டு பயணம் வேண்டாம்" என்று மருமகனிடம் கொடுத்தார். அவன் விசாரித்துக்கொண்டு ஒரு கடைசல் பட்டறைக்குப் போனான். குழந்தைகளின் சொப்புச் சாமான் செய்கிற இடம். குட்டி அம்மி, குட்டி உரல், குட்டி இட்லிக் கொப்பரை எல்லாம் தரையில் குவிந்து கிடந்தன. மூலையில் என்னைப் போலவே தலை வைக்காத உடம்புகள் வரிசையாக நின்றன. சொந்தக்காரர்கள்தான், ஆனால் முகமில்லாதவர்களிடம் என்ன பேசுவது?

பட்டறைக்காரர் என்னைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கழுத்து வாயில் மரம் சிம்பு பெயர்ந்திருந்தது, தலையின் அடியில் வண்ணம் உரிந்திருந்தது. "சுருளை மாற்றினால் போதாது, கழுத்தைச் சீவி வண்ணம் ஏற்ற வேண்டும்" என்றார். உடம்பைக் கடைசல் இயந்திரத்தின் பிடியில் மாட்டினார். மோட்டார் சுழன்றது. அம்பாசமுத்திரம் முழுவதும் ஒரே கோடாக இழுபட்டுப் போனது.

உளியை வைத்ததும் சிம்பு சுருள் சுருளாக உதிர்ந்தது. பிறகு சிவப்பு அரக்குக் குச்சியை எடுத்துச் சுழலும் மரத்தில் அழுத்தினார். இதில் பெயிண்ட் கிடையாது, பிரஷ் கிடையாது, அடுப்பும் கிடையாது. உராய்கிற சூட்டிலேயே அரக்கு இளகி மரத்தில் பிடித்துக்கொள்கிறது. முதலில் திட்டுத் திட்டாக, கறிக்குழம்பு சிந்தியதுபோல அசிங்கமாகத்தான் இருந்தது. அப்புறம் ஒரு தாழை ஓலைத் துண்டை எடுத்து அதே இடத்தில் அழுத்திப் பிடித்தார். ஓலை சூடாகி லேசான வாசனை வந்தது. திட்டுகள் ஒன்றோடொன்று கலந்து, ஒரு நிமிடத்துக்குள் முகம் பார்க்கலாம் போலப் பளபளப்பு ஏறியது. வேனுக்குச் சூடு வியாதி. எனக்குச் சூடுதான் சட்டை.

சுருளுக்கு வந்தபோது சிக்கல். என் பழைய சுருள் டார்ச் விளக்கின் அடியில் இருப்பது போன்ற தடித்த கம்பி. அப்படி ஒன்று பட்டறையில் இல்லை. மருமகன் சட்டைப் பையிலிருந்து பால்பாயிண்ட் பேனாவை எடுத்துப் பிரித்து அதன் சுருளைக் கொடுத்தான். மெல்லிய கம்பி. கழுத்துத் துளையில் அரக்கைச் சூடுகாட்டி ஊற்றி, சுருளின் ஒரு முனையை உடம்பிலும் மறுமுனையைத் தலையிலும் நிறுத்தி, ஆறும்வரை விரலால் பிடித்துக்கொண்டார்கள். பட்டறைக்காரர் காசு வாங்க மறுத்தார். மருமகன் ஒரு சொப்புச் செட்டு வாங்கிக்கொண்டு வந்தான். வீட்டில் குழந்தை கிடையாது. ஆச்சி வாங்கி வைத்துக்கொண்டார்.

புதிய எம்சீல் வைத்து என்னைப் பழைய இடத்தில் ஒட்டினார்கள். எஞ்சினைக் கிளப்பியதும்தான் தெரிந்தது, மெல்லிய சுருள் என்றால் என்ன என்று. முன்பெல்லாம் பள்ளத்தில் விழுந்தால் ஆடிய தலை இப்போது சும்மா நின்றாலே ஆடியது. ஓட்டத்தில் மூன்று சிலிண்டரின் துடிப்பு வேகமாகி ஒன்றோடொன்று கரைந்துவிடும், தலை அடங்கிவிடும். நின்றால் அந்தத் துடிப்பு ஒவ்வொன்றும் தனித்தனியாகக் கழுத்தில் ஏறும். பேயாட்டம்.

ஆழ்வார்குறிச்சி, கடையம் எல்லாம் நல்லபடியாகப் பின்னால் போயின. கடையம் செல்லம்மாளின் ஊர். 1918-ல் சிறையிலிருந்து வந்த பாரதியார் மனைவியின் ஊரான இங்கே வந்து இரண்டு ஆண்டுகள் போல இருந்தார். மதினி இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது ஆச்சி, "மாமனார் ஊரில் இரண்டு வருஷமா?" என்றார். அந்தப் பேச்சு அத்தோடு நின்றது. தென்காசி 2019-ல் தனி மாவட்டம் ஆனது ஆச்சிக்குச் சம்மதம் இல்லை. "அதெல்லாம் திருநெல்வேலிதான்" என்பார். நான் தலையாட்டினேன், இதில் மட்டும் மனப்பூர்வமாக.

தென்காசியிலிருந்து குற்றாலம் ஐந்து கிலோமீட்டர் சொச்சம். அன்று அது ஒன்றரை மணி நேரம். சீசன் ஞாயிற்றுக்கிழமை, வண்டிக்குப் பின் வண்டி. மேலே மலையில் மேகம் உரசிக்கொண்டிருந்தது, சாரல் கண்ணாடியில் பொடிப்பொடியாக ஒட்டியது. நாங்கள் நத்தை போல ஊர்ந்து நின்று ஊர்ந்து நின்று போனோம்.

"பாருங்களேன், ஆமாஞ்சாமிக்குச் சாமி வந்துவிட்டது" என்றார் மதினி.

வந்துதான் இருந்தது. வண்டி நின்றதும் என் தலை வெறிபிடித்து ஆடியது. பத்தடி நகர்ந்ததும் அடங்கியது. நின்றதும் ஆடியது. பின் இருக்கையிலிருந்து மருமகன் முன்னால் குனிந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். அப்படி யாரும் என்னைப் பார்த்ததில்லை, கொஞ்சம் வெட்கமாகக்கூட இருந்தது. அவன் பார்வை என் தலையிலிருந்து மீட்டருக்குப் போனது, மீட்டரிலிருந்து என் தலைக்கு வந்தது. கால் மணி நேரம் இப்படியே. கடைசியில் வாயைத் திறந்தான்.

"மாமா, பங்குனியில் ஒரு கல்யாணத்துக்கு நாகர்கோவில் போனோமே, அன்றைக்குக் காவல்கிணற்றில் ஊர்வலத்துக்காக அரை மணி நேரம் எஞ்சினை ஓடவிட்டு நின்றோம். கொதித்ததா?"

"இல்லையே."

"ஏன் கொதிக்கவில்லை?"

அண்ணாச்சிக்குப் பதில் தெரியவில்லை. எனக்குத் தெரியும். ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று. முப்பந்தலில் அத்தனை காற்றாலைகளைச் சுற்ற வைக்கும் காற்று அன்று எங்கள் ரேடியேட்டருக்கு நேர் எதிரே அடித்துக்கொண்டிருந்தது. வண்டி ஓடினால் காற்று தானாக வரும். நின்றால் விசிறிதான் காற்றைக் கொண்டுவர வேண்டும். இந்த வண்டி நின்றால் மட்டும் கொதிக்கிறது, காற்றுள்ள இடத்தில் நின்றால் கொதிக்கவில்லை. மூடியும் பம்பும் வால்வும் காற்று அடிக்கிறதா என்று பார்த்துக் கெட்டுப்போகாது. இதைச் சொல்ல எனக்கு ஏழு மாதமாக வாய் இல்லை, ஒரு பேனாச் சுருள் வந்து சொன்னது.

வண்டி நிறுத்துமிடத்தில் நின்றதும் மருமகன் குனிந்து முகப்புக்குள் எட்டிப் பார்த்தான். முள் மேலே, விசிறி அசையவில்லை. உள்ளங்கையால் முகப்பை ஓங்கித் தட்டினான். விசிறி உறக்கம் கலைந்து நான்கு சுற்றுச் சுற்றி மறுபடி நின்றது. "ம்" என்றான். அந்த 'ம்' எங்கள் ஏழு மாத மெக்கானிக்குகளின் பேச்சு அத்தனைக்கும் சமம்.

மதினியும் ஆச்சியும் பேரருவிப் பக்கம் போனார்கள். அண்ணாச்சி அதற்குள் சட்டையைக் கழற்றி உடம்பெல்லாம் நல்லெண்ணெய் தேய்த்துக்கொண்டுவிட்டார். "ஒரு ஸ்பானர் பிடியுங்கள் மாமா" என்றான் மருமகன். எண்ணெய்க் கையில் ஸ்பானர் நிற்குமா? மூன்று முறை வழுக்கி வேனுக்கடியில் போனது. இடுப்பில் துண்டோடு அவர் தவழ்ந்து தவழ்ந்து எடுத்தார். போகிறவர்கள் எல்லாம் புதுவகை வேண்டுதல் என்று நினைத்துப் பார்த்துக்கொண்டே போனார்கள்.

முதலில் எஞ்சினை ஆறவிட்டு முன் கிரில்லைக் கழற்றினான். சாவி திறந்திருக்கும்போது விசிறி எந்த நேரமும் தானாகச் சுற்றலாம், விரலை உள்ளே விடக் கூடாது என்று அண்ணாச்சியைத் தள்ளி நிறுத்தினான். சூடறிந்து விசிறியைக் கிளப்பும் சுவிட்சின் இரண்டு ஒயரையும் கழற்றி ஒன்றாக முறுக்கிவிட்டான். இப்படிச் செய்தால் சுவிட்ச் கெட்டிருந்தாலும் விசிறி ஓட வேண்டும். ஓடவில்லை. சுவிட்சைச் சந்தேகப்பட வேண்டாம். அடுத்து இண்டிகேட்டர் பல்பைக் கழற்றி இரண்டு ஒயர் சுற்றி, விசிறியின் இரண்டு முனையிலும் வைத்தான். பல்பு எரிந்தது. அண்ணாச்சி, "கரண்ட் வருகிறது, மோட்டார்தான் போய்விட்டது" என்று துள்ளினார்.

"பல்புக்கு வருகிறது" என்றான் மருமகன்.

தாமிரபரணிக் கால்வாயில் மடை அடைத்துக் கிடந்தாலும் இடுக்கு வழியாக ஒரு சொம்புத் தண்ணீர் கசியும். சொம்பை வைத்துப் பார்த்துவிட்டுத் தண்ணீர் வருகிறது என்றால் அதுவும் சரி, ஆனால் வயல் பாயாது. சின்னப் பல்பு கேட்கும் மின்சாரம் சொம்பளவு, விசிறி மோட்டார் கேட்பது வயலளவு. மோட்டாரைக் கழற்றிவிட்டுப் பல்பை மட்டும் வைத்தால் இன்னும் பளிச்சென்று எரிந்து இன்னும் நன்றாக ஏமாற்றும். அந்த நான்காம் பட்டறையில் நடந்தது அதுதான்.

மருமகன் தடித்த ஒயர் ஒன்றை எடுத்து, பேட்டரியின் நெகட்டிவ் முனையிலிருந்து நேராக விசிறியின் எர்த் முனைக்குக் கொண்டுவந்து தொட்டான். விசிறி வீரிட்டுக்கொண்டு சுற்றியது. எண்ணெய் தேய்த்த அண்ணாச்சியின் வயிற்றில் காற்று பட்டு அவர் சிலிர்த்துக்கொண்டார். ஒயரை எடுத்தான், நின்றது. தொட்டான், சுற்றியது. அவ்வளவுதான் விஷயம். மோட்டார் நல்லது, வரும் மின்சாரம் நல்லது, திரும்பிப் போகும் வழி அடைத்திருக்கிறது.

அந்த வழியைத் தேடிப்போனால் முகப்புத் தகட்டில் ஒரு பத்து எம்.எம். போல்ட். அதன்கீழ் எர்த் ஒயரின் வளையம். போல்ட் தலையில் துரு, வளையத்தில் பச்சைக் களிம்பு, கீழே உடம்புத் தகடு பொரிந்து பொருக்காக நின்றது. இது எப்படி வந்தது என்று மருமகன் கேட்டான். அண்ணாச்சி அருவிப் பக்கம் பார்த்தார். நான் சொல்கிறேன். தூத்துக்குடி உப்பளத்துக்குள் மழைநாளில்கூட வண்டியை இறக்கிக் கடைக்கு உப்பு மூட்டை ஏற்றுவார். லாரி வாடகை மிச்சம். உப்புச் சகதி முகப்பெல்லாம் தெறிக்கும். வீட்டுக்கு வந்ததும் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றிக் கழுவியது கிடையாது. உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள். வேன் நினைத்துக்கொண்டுதான் இருந்தது.

பேட்டரி ஒயரைக் கழற்றி வைத்துவிட்டு வேலையை ஆரம்பித்தான். போல்ட்டுக்குத் தேங்காயெண்ணெய் விட்டுக் கொஞ்ச நேரம் ஊறவைத்துக் கழற்றினான். தகட்டை உப்புத்தாளால் வெள்ளி தெரியும்வரை தேய்த்தான். பழைய வளையத்தை வெட்டி எறிந்து, செம்புக் கம்பியைப் பளபளப்பு வரும்வரை பின்னுக்குச் சீவி, புதிய வளையத்தை நசுக்கிப் பிடித்தான். பல் உள்ள வாஷர் ஒன்றை இடையில் போட்டான், அந்தப் பற்கள் தகட்டைக் கடித்துக்கொண்டு நிற்கும். இறுக்கிய பிறகு மேலே கிரீஸ் பூசி மூடினான். கிரீஸைக் கடைசியில்தான் பூச வேண்டும், முதலில் பூசினால் இரும்புக்கும் இரும்புக்கும் நடுவில் அதுவே உட்கார்ந்துகொள்ளும். இதற்கு நோட்டில் ஏறிய செலவு, வளையமும் வாஷரும் சேர்த்துப் பன்னிரண்டு ரூபாய். அதற்கு முந்திய பக்கங்களின் கூட்டுத்தொகையை அண்ணாச்சி என்னிடம்கூடக் காட்டவில்லை.

சுவிட்ச் ஒயர்களைப் பழையபடி மாட்டி, எஞ்சினை ஓடவிட்டுக் காத்திருந்தார்கள். நான் ஆடிக்கொண்டே இருந்தேன். முள் ஏறியது, பாதியைத் தாண்டியது, அண்ணாச்சி மூச்சைப் பிடித்தார். டக். விசிறி ஓடியது. முள் இறங்கியது. டக். நின்றது. இருபது நிமிடத்தில் மூன்று முறை இப்படி. நான்காவது முறைக்கு அண்ணாச்சி காத்திருக்கவில்லை, அருவிக்கு ஓடிவிட்டார். மருமகன் கையைத் துடைத்துக்கொண்டு என் மீசையை ஒருமுறை தொட்டுவிட்டுப் போனான். பிரானூர் பார்டரில் புரோட்டா தின்றபோது அவன் இலையில் மட்டும் அண்ணாச்சி தன் கையால் சால்னா ஊற்றினாராம். நான் வண்டியில் இருந்தேன், மதினி ஆச்சியிடம் சொன்னதைக் கேட்டு எழுதுகிறேன். மறுவாரம் பிடுங்கிப்போட்ட தெர்மோஸ்டாட்டுக்குப் பதில் புதிய வால்வும், உப்புத் தண்ணீருக்குப் பதில் கூலண்டும் ஏறின, பெட்ரோல் செலவும் பழைய நிலைக்கு வந்தது.

திரும்பும்போது ஆலங்குளம் சாலை. இருட்டிய பிறகு சுலோசன முதலியார் பாலத்தில் ஏறினோம். ஞாயிறு மாலை, பாளையங்கோட்டை வரைக்கும் வண்டிகள். அண்ணாச்சி முதலியாரைக் கும்பிட்டார், ஆட்டோவைத் திட்டினார், எஞ்சினை ஓடவிட்டுச் சாய்ந்துகொண்டார். அன்றுதான் முதல்முறையாக அவரே முள்ளைப் பார்த்தார். பாதியில் நின்றது. முன்னால் விசிறி ஓடும் சத்தம் கேட்டது, நின்றது, கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கேட்டது.

ஆச்சி பாயின்மேல் நகர்ந்து நகர்ந்து உட்கார்ந்து பார்த்தார். மடிப்பை ஒன்று குறைத்தார். இன்னொன்றையும் குறைத்தார். முழங்காலைத் தடவிக்கொண்டார்.

"நல்லாயிருந்த வண்டியை இந்தப் பையன் கெடுத்துவிட்டான். இல்லையா, ஆமாஞ்சாமி?" என்றார்.

வண்டி நின்றுகொண்டிருந்தது, எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. நான் தலையாட்டினேன்.